எட்டு நொடியும் ஒரு கோணல் மூடியும்

ஹைஸ்பீட் கேமரா வாங்க நினைக்கிறேன் என்று யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "நொடிக்கு எத்தனை பிரேம் எடுக்கும்?" நான் திருப்பிக் கேட்பது வேறு. நீங்கள் பிடிக்கப்போகிற விஷயம் எப்போது நடக்கும் என்று முன்கூட்டியே தெரியுமா? பலூனை நீங்களே ஊசியால் குத்தப்போகிறீர்கள் என்றால் பிரச்சினையே இல்லை, எந்தக் கேமராவும் போதும். எப்போது நடக்கும் என்று தெரியாத ஒன்றைப் பிடிக்க வேண்டுமென்றால், பிரேம் எண்ணிக்கையை ஓரமாக வைத்துவிட்டு மெமரி, ட்ரிகர் (பதிவை நிறுத்தச் சொல்லும் சைகை), சேமிக்கும் வேகம் ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

என் வேலை இயந்திரக் கோளாறுகளைப் படம்பிடிப்பது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எங்கோ ஒன்று தடுமாறுகிறது, எங்கே என்று சொல்லுங்கள் என்று கூப்பிடுவார்கள். அப்படி வந்ததுதான் ஒரு பாட்டில் நிரப்பும் லைன். மூடி திருகும் மெஷினில் கிட்டத்தட்ட ஆயிரம் பாட்டிலுக்கு ஒரு மூடி கோணலாக உட்கார்ந்தது. நிமிடத்துக்கு 120 பாட்டில் ஓடும் லைன். எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை, சில நேரம் அரை மணி நேரம் ஒன்றுமே இல்லை. நடக்கும்போது ஐம்பது மில்லி நொடிக்குள் முடிந்துவிடும்.

நான் கொண்டுபோன கேமராவில் இருந்தது 16 ஜிபி மெமரி. முழு அளவுப் படம் 1280க்கு 1024 புள்ளிகள். அதாவது ஒரு பிரேமில் சுமார் 13 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 12 பிட், அதாவது ஒன்றரை பைட். நொடிக்கு 1000 பிரேம் என்றால் பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு கிட்டத்தட்ட 2 ஜிபி வருகிறது. 16 ஜிபி மெமரிக்கு எட்டு நொடி, அதற்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான் என் கையில் இருந்த நேரம்.

எட்டு நொடியா, இவ்வளவு விலை கொடுத்து எட்டே நொடியா என்று பலர் முகம் சுளிப்பார்கள். அந்த எட்டு நொடியை நொடிக்கு 25 பிரேம் வீதம் ஓட்டிப் பார்த்தால் 320 நொடி. ஐந்து நிமிடத்துக்கும் மேல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆக, நேரம் போதாமல் போவதில்லை. அந்த எட்டு நொடி எந்த எட்டு நொடி என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இந்த வகைக் கேமராக்கள் எடுக்கும் படத்தை நேராக கார்டில் எழுதுவதில்லை. நொடிக்கு 2 ஜிபியை விடாமல் விழுங்கும் கார்டு சாதாரணமாகக் கிடைக்காது. அதனால் உள்ளே இருக்கும் ரேம் என்ற தற்காலிக மெமரியில் எழுதுகிறது. ரேம் நிரம்பியதும் நின்றுவிடாது. செக்குமாடு போல அதே பாதையில் சுற்றிச் சுற்றி, பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே இருக்கும். நீங்கள் ட்ரிகரை அழுத்தும் கணத்தில் நிற்கும். நின்றபோது உள்ளே இருப்பது கடைசி எட்டு நொடி. அதாவது, நடந்து முடிந்த பிறகு பொத்தானை அழுத்தி, நடந்ததைப் பிடிக்கலாம். எத்தனை வருடம் இதோடு பழகினாலும் எனக்கு இது இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

பிலிம் காலத்தில் இப்படி முடியாது. 16 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு அடிக்கு 40 பிரேம், நூறு அடிச் சுருளில் 4000 பிரேம். ஃபாஸ்டாக்ஸ் மாதிரியான, உள்ளே பட்டகம் சுழலும் கேமராக்களில் அந்தச் சுருள் ஒரு நொடி அளவில் தீர்ந்துவிடும். அதிலும் முன்பகுதி முழுவதும் மோட்டார் வேகம் பிடிப்பதற்கே போய்விடும். அதனால் கேமரா வேகம் பிடித்ததும், கேமராவே வெடியையோ அடியையோ தொடங்கிவைக்கும்படி வயர் இழுத்து வைப்பார்கள். எப்போது நடக்கும் என்று தெரியாத ஒன்றை அந்தச் சுருளால் பிடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சுற்றி எழுதும் மெமரி வந்த பிறகுதான் ஆயிரத்தில் ஒரு மூடியைத் தேடிப் போகிற என் மாதிரி ஆட்களுக்கு வேலையே வந்தது.

என் முதல் கேமரா 2008இல் வந்த கேசியோ இஎக்ஸ்-எஃப்1. அது நேராக எஸ்டி கார்டில் எழுதும். கார்டு இருக்கும்வரை நேரக் கவலை பெரிதாக இல்லை. ஆனால் 1200 பிரேமில் படத்தின் அளவு 336க்கு 96 புள்ளி, ஒரு கீற்று மட்டும்தான் தெரியும். பிறகு 2015இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100-4ஐ ஒரு நண்பரிடம் வாங்கிப் பயன்படுத்தினேன். அது உள் மெமரியில் எழுதும். தரம் வேண்டுமென்றால் இரண்டு நொடி, நேரம் வேண்டுமென்றால் நான்கு நொடி. பொத்தானை அழுத்திய பிறகு பதிய வேண்டுமா, அழுத்துவதற்கு முன் நடந்ததா என்றும் தேர்ந்தெடுக்கலாம். இந்த வேலையின் அடிப்படை எல்லாம் அந்தச் சின்னக் கேமராவில்தான் எனக்குப் புரிந்தது. 2017இல் எக்ஸ்பீரியா எக்ஸ்இசட் பிரீமியம் போனிலேயே 960 பிரேம் வந்துவிட்டது. சென்சாருக்குப் பின்னாலேயே ஒரு மெமரி அடுக்கை ஒட்டிவைத்திருந்தார்கள். ஆனால் ஒரு தடவைக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கூடக் கிடைக்காது. விளையாட்டுக்குச் சரி, எட்டு நிமிடக் காத்திருப்புக்கு உதவாது.

சரி, மூடிக்கு வருகிறேன்.

முதல் நாள் ட்ரிகர் பொத்தானை ஆபரேட்டர் அண்ணன் கையில் கொடுத்தேன். பல வருடமாக அந்த மெஷினோடு இருப்பவர். ஓடும் வரிசையில் கோணல் மூடியை எனக்கு முன்னால் அவர் கண்டுபிடித்துவிடுவார். "பார்த்ததும் அழுத்துங்கண்ணே" என்றேன். அவர் அழுத்தினார். ஓட்டிப் பார்த்தால் நல்ல மூடிகள் மட்டும் வரிசையாகப் போயின. மறுபடியும் அழுத்தினார், அதேதான். மூன்றாவது தடவையும் அப்படியே ஆனதும் டேப்பை எடுத்து கன்வேயரை அளந்தேன். மூடி திருகும் இடத்திலிருந்து அவர் நிற்கும் இடம் இரண்டு மீட்டருக்கு மேல். பெல்ட் வேகம் நொடிக்கு 30 சென்டிமீட்டர். பாட்டில் அவர் கண்ணுக்கு வரவே ஏழு நொடி ஆகிறது. பார்த்து, உறுதிசெய்து, விரல் அழுத்த இன்னும் ஒன்றரை நொடி. எனக்கு வேண்டிய காட்சியை நான் நிறுத்துவதற்குச் சற்று முன்புதான் மெமரி அழித்துக்கொண்டிருந்தது.

இங்கே மூன்று வழி இருந்தது. பெரிய மெமரி உள்ள கேமரா கொண்டுவரலாம். படத்தைச் சிறிதாக்கலாம்: அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால், பிரேம் வேகத்தைக் கூட்டாமல் அப்படியே விட்டால், அதே மெமரியில் நான்கு மடங்கு நேரம், முப்பது நொடிக்கு மேல். இதில் ஒரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. படத்தைச் சிறிதாக்கிவிட்டு அதற்கேற்ப பிரேமையும் உச்சத்துக்கு ஏற்றினால் நேரம் பெரிதாக மாறாது, ஏனென்றால் நொடிக்கு வரும் புள்ளிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய அதேதான். விவரத்தாளில் எல்லா அளவுக்கும் ஒரே பதிவு நேரம் போட்டிருப்பதைப் பார்த்து ஏதோ தவறு என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. தவறில்லை.

எனக்கு மூடியின் மரையும் அதன் விளிம்பும் தெளிவாகத் தெரிய வேண்டும். படத்தைக் குறைக்க மனம் வரவில்லை. அதனால் மூன்றாவது வழி: ட்ரிகரை நிகழ்வுக்குப் பக்கத்தில் கொண்டுபோவது. மூடி திருகும் தலையிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி, நல்ல மூடியின் உயரத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் மேலே ஒரு போட்டோ சென்சார் வைத்தேன். நேராக உட்கார்ந்த மூடி ஒளிக்கற்றைக்குக் கீழேயே போய்விடும். கோணலாக உட்கார்ந்ததன் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், கற்றையை வெட்டும், கேமரா நிற்கும். திருகியதற்கும் ட்ரிகருக்கும் நடுவே இப்போது இரண்டே நொடி. அப்புறம் மெமரியை இரண்டு பாகமாகப் பிரித்தேன், பாகத்துக்கு நான்கு நொடி. ஒரு மூடி மாட்டியதும் அதை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த பாகத்தில் அடுத்த மூடிக்காகக் கேமரா காத்திருக்கும். மெமரியைக் கூட்டாமலே வேலை நடந்தது.

ஆனால் சென்சார் வந்ததும் வேறு தொல்லை. மெஷினை நிறுத்தித் தொடங்கும் ஒவ்வொரு முறையும் எந்த மூடியும் இல்லாமலே கேமரா நின்றது. சென்சார் வயரை மோட்டார் டிரைவின் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வயரோடு ஒரே கேபிள் தட்டில் ஓட்டியிருந்தேன். டிரைவ் கிளப்பும் மின் இரைச்சலை கேமரா ட்ரிகர் என்று எடுத்துக்கொண்டது. கவசம் போட்ட கேபிளாக மாற்றி, வேறு பாதையில் கொண்டுபோய், நடுவில் ஒரு ஆப்டோ ஐசொலேட்டர் (மின் தொடர்பில்லாமல் ஒளி வழியாகச் சைகையைக் கடத்தும் சில்லு) வைத்ததும் அடங்கியது. ஹைஸ்பீட் கேமராவுக்குத் துணைப்பொருள் என்றதும் லென்ஸையும் பெட்டியையும் நினைக்கிறோம். என் பையில் அதிகம் உதவுவது பத்து மீட்டர் நல்ல கேபிளும் அந்தச் சின்ன ஐசொலேட்டரும்தான்.

அன்று மதியம் ஒரு கோணல் மூடி மாட்டியது. திரையில் மேலோட்டமாக ஓட்டிப் பார்த்தேன், இருந்தது. சேமிக்கக் கொடுத்தேன். சேமிக்கத் தொடங்கி ஒரு நிமிடம் ஆகியிருக்கும், யாரோ தள்ளுவண்டியோடு கடந்தார்கள், எக்ஸ்டென்ஷன் போர்டின் பிளக் பிடுங்கிக்கொண்டது. பேட்டரியை சார்ஜ் போடுவதற்காக கேமராவிலிருந்து கழற்றி வைத்திருந்தேன். திரை கறுத்தது. ரேமில் இருப்பது மின்சாரம் போனால் போனதுதான், திரும்ப எடுக்க எந்த மென்பொருளும் கிடையாது. ஆபரேட்டர் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் பிளக்கைச் சொருகி, அதன் மேல் டேப் ஒட்டிவிட்டு, "இன்னொண்ணு வரும்" என்றார். அடுத்தது வர நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் எனக்கு நெஞ்சில் பாரமாகவே இருந்தது.

அன்றிலிருந்து பேட்டரி இல்லாமல் கேமராவை ஆன் செய்வதில்லை. சுவரில் மின்சாரம் இருந்தாலும் பேட்டரி உள்ளே இருக்கும். சார்ஜ் போட இரண்டாவது பேட்டரி தனி. பெரிய கேமராக்களில் இதற்கென்றே அழியாத மெமரிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். பேன்டம் ஃப்ளெக்ஸ் 4கே மாதிரியானவற்றில் மேலே சினிமேக் என்ற பெட்டியைச் சொருகிக்கொள்ளலாம், ரேமில் இருப்பது வேகமாக அதற்குள் போய்விடும், மின்சாரம் போனாலும் இருக்கும். என் வேலைக்கு அவ்வளவு பெரியது தேவைப்படவில்லை. ஆனால் திரும்ப எடுக்கவே முடியாத காட்சி, ஒரே ஒரு தடவை நடக்கும் சோதனை என்றால், அதைத்தான் வாடகைக்கு எடுக்கச் சொல்வேன்.

சேமிக்கும் நேரத்தை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. 16 ஜிபியை சாதாரண கிகாபிட் கேபிள் வழியாக இறக்கினால் நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி போல வரும், இரண்டரை நிமிடம். வி30 என்று குறியிட்ட எஸ்டி கார்டு குறைந்தபட்சம் நொடிக்கு 30 எம்பி எழுதுவதாகத்தான் உறுதி தருகிறது, அந்த வேகத்தில் ஒன்பது நிமிடம். வி90 என்றால் மூன்று நிமிடம். பத்து கிகாபிட் இணைப்பும் நல்ல எஸ்எஸ்டியும் இருந்தால் இருபது நொடிக்குள் முடிந்துவிடும். என்னுடையதைப் போல, சேமிக்கும் நேரத்தில் புதிதாகப் பதியாத கேமரா என்றால், அந்த இரண்டரை நிமிடத்தில் அந்த லைனில் முந்நூறு பாட்டில் கண்ணெதிரே போய்விடும்.

எஸ்எஸ்டி வாங்கும்போதும் அட்டையில் போட்டிருக்கும் வேகத்தை நம்ப வேண்டாம். பல எஸ்எஸ்டிகள் தொடக்கத்தில் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் அந்த வேகத்தில் எழுதும். வேகமான பகுதி நிரம்பியதும் சரிந்துவிடும். வாங்கியதும் நூறு ஜிபி கோப்பு ஒன்றை ஒரே மூச்சில் எழுதிப் பார்த்து, கடைசியில் என்ன வேகம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நம்ப வேண்டியது அந்த வேகத்தை. அதோடு ஃபார்மட்டையும் பாருங்கள். ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. வேறொரு வேலையில், ஒரு தெளிப்பான் முனையைப் பிடித்தபோது, கோப்பு 4 ஜிபியில் நின்றுபோய் எனக்கு வேண்டிய துளி அதற்கு அடுத்த அரை நொடியில் இருந்தது. நல்லவேளை, ரேமை அழிக்கும் முன் திறந்து பார்த்ததால் தப்பியது. சேமித்ததைக் கணினியில் திறந்து, கடைசி பிரேம் வரை ஓட்டிப் பார்க்காமல் அடுத்த பதிவைத் தொடங்காதீர்கள்.

மணிக்கணக்கில் விடாமல் பதிய வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். முடியும். படத்தை ரேமில் தேக்காமல் நேராகக் கணினிக்கு அனுப்பும் கேமராக்கள் இருக்கின்றன. கோஆக்ஸ்பிரஸ் கேபிள் ஒன்றில் நொடிக்கு 12.5 கிகாபிட் வரை போகும், இரண்டு, நான்கு கேபிள் சேர்த்தும் போடலாம். மறுமுனையில் பல எஸ்எஸ்டிகளைச் சேர்த்துக் கட்டி எழுதலாம். ஆனால் என் கேமரா அளவுக்குக் கணக்கிட்டாலே ஒரு மணி நேரத்துக்கு 7 டிபி. எழுதுவதைவிட, அதற்குள் கோணல் மூடியை யார் உட்கார்ந்து தேடுவது என்பதுதான் என் கவலை. காட்சி எப்போது வருமென்று சென்சாரால் சொல்ல முடிந்தால் சென்சாரையே நம்புங்கள்.

விளக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிரேம் இரட்டிப்பானால் ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைக்கும் வெளிச்சம் பாதி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் சாதாரண விளக்கு நொடிக்கு நூறு தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, 1000 பிரேமில் பத்து பிரேமுக்கு ஒரு தடவை படம் மூச்சுவிடுவது போல ஏறி இறங்கும். சில எல்இடி விளக்குகளில் வெளிச்சத்தைக் குறைத்தால் இன்னும் மோசம், அணைத்து அணைத்து எரியவிட்டுத்தான் குறைக்கின்றன. சீரான டிசி மின்சாரத்தில் ஓடும் எல்இடி வாங்குங்கள். வெளிச்சம் அதிகமென்றால் விளக்கைத் தள்ளிவையுங்கள், குறைக்கும் குமிழைத் தொடாதீர்கள். கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை எடுத்து விளக்கில் போடச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. வெளிச்சம் போதாமல் 1000 பிரேம் கேமராவை 300இல் ஓட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மற்றவை சின்னச் சின்னது. ஸ்டாண்டை மெஷினில் பொருத்தாமல் தரையில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மெஷினின் அதிர்வு படத்திலும் வரும். லென்ஸ் மூடியை நூலால் கேமராவோடு கட்டிவைத்திருக்கிறேன். கேமரா சூடேறிய பிறகு லென்ஸை மூடி, கறுப்பு அளவைத் (வெளிச்சமே இல்லாதபோது ஒவ்வொரு புள்ளியும் காட்டும் அளவு) திரும்ப எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் நிழல் பகுதியில் செங்குத்துக் கோடுகள் எழும். வெப்பம் மாறினால் மறுபடியும் எடுக்க வேண்டும். ஒரு சின்ன நோட்டு: பிரேம் வேகம், ஷட்டர், லென்ஸ், தேதி. வீடியோ கோப்பு பிளேயரில் பெரும்பாலும் 25 பிரேமிலோ 30 பிரேமிலோதான் ஓடும், உண்மையில் எவ்வளவு வேகத்தில் எடுத்தது என்று பல கோப்புகள் சொல்லாது. ஆறு மாதம் கழித்து வேகத்தைக் கணக்கிட அந்த நோட்டு இல்லாமல் வழியில்லை.

நாற்பது நிமிடம் கழித்து வந்த அந்த மூடி இப்படித்தான் இருந்தது. சரிவுப் பாதையின் நுனியில் ஒரு மூடி சாய்ந்து காத்திருக்கிறது. பாட்டிலின் வாய் வந்து அதன் முன் விளிம்பை இழுத்துக்கொண்டு போகிறது. மேலே இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் தகடு மூடியை அழுத்திப் படுக்கவைக்க வேண்டும். நல்ல மூடிகளில் தகடு ஒரு தடவை தொட்டு அமர்கிறது. இதில் தொட்டது, துள்ளியது. 158ஆம் பிரேமில் தகட்டுக்கும் மூடிக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரிகிறது. 166இல் மூடியின் பின் விளிம்பு தூக்குகிறது. 171இல் திருகும் தலை இறங்கி, தூக்கிய விளிம்பின் மேல் உட்கார்கிறது. அதற்குப் பிறகு அந்த மூடி நேராவதற்கு வழியே இல்லை. தகடு மறுபடி கீழே வரும்போது 175, நான்கு மில்லி நொடி தாமதம்.

அந்தப் பாகத்தின் நான்கு நொடியையும் முழுதாகச் சேமிக்கவில்லை. கேமராவிலேயே முன்னும் பின்னும் வெட்டி 412 பிரேம் மட்டும் எடுத்தேன், 810 எம்பி, எட்டு நொடிக்குள் இறங்கிவிட்டது. இரண்டு எஸ்எஸ்டியில் நகல் எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் ரேமைக் காலி செய்தேன். ஆபரேட்டர் அண்ணன் 158ஆம் பிரேமை நிறுத்தச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். பிறகு மெஷினை நிறுத்தி, அதன் காப்புக் கதவைத் திறந்து, தகட்டின் வேரில் விரலை வைத்து அழுத்தினார். அது லேசாக ஆடியது.